காற்றைத் தின்னும் எண்ணெய்

படவேட்டில் அத்தை வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறது. முன்பு வாழைத்தார் அடுக்கி வைத்திருந்த அறை. வாழை இல்லாத கொல்லை இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. தார்கள் போனபின் படத்தை நிறுத்தி வைக்கும் ஓர் ஈசலும், நிறம் குழைக்கும் பேலட்டாகப் பயன்படும் கண்ணாடிப் பலகையும், பிரஷ் செருகிய சொம்புகளும் அங்கே குடிவந்தன. மேற்கு ஜன்னலைத் திறந்தால் ஜவ்வாது மலை. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் இங்கே வந்து அந்த மலையை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுகிறேன். பன்னிரண்டு வருடங்களாகிவிட்டன.

என் முதல் படம் அந்த அறைச் சுவரிலேயே மாட்டியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ மலை, ஏதோ வானம். கிட்டே போனால் வானம் முழுக்க வெடிப்பு. கோடையில் கமண்டல நாகநதியின் வண்டல் பாளம் பாளமாக வெடித்து ஓரம் மடங்கிக் கிடக்குமே, அதே தோற்றம். வெடிப்புக்குள் கறுப்பு தெரியும். விரலால் தடவினால் ஓரங்கள் நிமிண்டும்.

வண்டல் வெடிப்பதன் காரணம் எல்லோருக்கும் தெரியும். ஈரம் போகிறது, மண் சுருங்குகிறது. என் வானமும் அப்படித்தான் வெடித்தது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் வண்ணத்தில் போவதற்கு ஈரமே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. படம் தீட்டிய மறுநாளே அத்தை மாடியேறி வந்து, "ஏம்பா, காஞ்சிடுச்சா?" என்று கேட்பார். நானும் "இன்னும் இல்லை அத்தை" என்பேன். காய்தல் என்ற அந்தச் சொல்லே எங்கள் இருவரையும் தவறான பக்கம் கொண்டுபோயிருக்கிறது.

வாட்டர்கலர் காய்கிறது. அதில் உள்ள தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். எண்ணெய் வண்ணத்தில் நிறப்பொடியைப் பிடித்து வைத்திருப்பது ஆளி விதை எண்ணெய். கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். கிரிக்கெட் மட்டைக்குத் தடவுவதும் இதைத்தான். இந்த எண்ணெய் எங்கும் ஆவியாகிப் போவதில்லை. இருந்த இடத்திலேயே இருந்து காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்ளே இழுத்துக் கெட்டிப்படுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு ஒருமுறை சின்னச் சோதனை செய்தேன். ஒரு கண்ணாடித் துண்டில் ஆளி எண்ணெயை மெல்லிசாகப் பூசி, நகை நிறுக்கும் சிறு மின்தராசில் தினமும் வைத்தேன். முதல் ஓரிரு நாள் மாற்றமில்லை. பிறகு எடை ஏறத் தொடங்கியது. துணி காய்ந்தால் எடை குறையும். இங்கே எடை கூடிக்கொண்டே எண்ணெய் பிசுபிசுத்து, பின் தோல் போலாகி, கடைசியில் நகம் பட்டால் வழுக்கும் படலமாயிற்று. ஆளி எண்ணெய் இப்படிக் கெட்டிப்படும் முதல் சில வாரங்களில் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்ளும்.

ஏன் இந்த எண்ணெய்க்கு மட்டும் இவ்வளவு பசி? எல்லா எண்ணெயிலும் கொழுப்பு அமிலங்கள் உண்டு. அவை கார்பன் அணுக்களின் நீளமான சங்கிலிகள். சில சங்கிலிகளில் இடையிடையே இரட்டைப் பிணைப்பு இருக்கும். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே அகப்பட்ட கார்பனில் ஹைட்ரஜன் தளர்வாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் வந்து தாக்கும் இடம் அதுதான். அங்கே ஹைட்ரஜன் பிடுங்கப்பட்டதும் சங்கிலி துணை தேடிப் பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்கிறது. அது அடுத்ததை. இப்படியே கோத்துக் கோத்து, ஓடிக்கொண்டிருந்த எண்ணெய் முழுவதும் ஒரே வலையாகிவிடுகிறது. தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு அபூர்வம். அதில் நிறம் குழைத்தால் பத்து வருடமானாலும் கையில் ஒட்டும். நல்லெண்ணெய் இரண்டும்கெட்டான். கொஞ்சம் இறுகும், பிசுக்கு போகாது. ஆளி எண்ணெயில் பாதிக்குப் பாதி மூன்று இரட்டைப் பிணைப்பு உள்ள லினோலெனிக் அமிலம். ஓவியர்கள் அதைத் தேடிப்போனதற்கு இதுதான் காரணம்.

அத்தைக்கு இதை விளங்க வைக்க எனக்குத் தோசைக்கல் போதுமாயிருந்தது. புது இரும்புக் கல்லை எண்ணெய் தடவிச் சூடுகாட்டிச் சூடுகாட்டிப் பழக்குவார்களே, அந்தக் கறுப்புப் பளபளப்பு என்ன? எண்ணெய் வலையாகி இரும்போடு இறுகியதுதான். அடுப்புக்குப் பின்னால் சுவரில், சோப்புக்கும் போகாமல் மஞ்சளாய் அப்பியிருக்கும் பிசுக்கும் அதே. அங்கே தீயின் சூட்டில் சீக்கிரம் நடப்பது, இங்கே கேன்வாஸில் அறைச் சூட்டில் நாட்கணக்கில் நடக்கிறது. பழைய எண்ணெயின் சிக்கு வாடையும் இந்த வேலையின் மிச்சம்தான். சங்கிலிகள் சேரும்போது சில உடையவும் செய்கின்றன. உடைந்த சிறு துண்டுகள் காற்றில் பறந்து மூக்குக்கு வருகின்றன. ஓவியர் அறைக்கென்று ஒரு வாசனை உண்டே, அதில் வண்ணத்தை இளக்கும் டர்பண்டைன் போக மீதி இதுதான்.

இந்த வேதிவினை வெப்பத்தையும் வெளியே விடும் என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே அறிந்திருக்க வேண்டும். கேன்வாஸில் மெல்லிய படலமாக இருக்கும்போது வெப்பம் காற்றோடு போய்விடும். ஆளி எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி உருண்டையாக ஒரு மூலையில் போட்டால் வெப்பம் உள்ளேயே தேங்கும். சூடு ஏற ஏற வினை வேகமாகும், வேகமாக ஆக ஆகச் சூடு ஏறும். யாரும் தீக்குச்சி உரசாமலே துணி பற்றிக்கொள்ளும். துடைத்த துணியை விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

படவேட்டிலிருந்து ஆரணி–போளூர் சாலைப் பக்கம் போனால் திருமலை என்ற சமணத் தலம் வரும். ராஜராஜ சோழனின் தமக்கை குந்தவை பெயரில் அங்கே ஒரு ஜினாலயம். மேலே பாறையில் சுமார் 16 மீட்டர் உயரத்துக்கு நேமிநாதர் நிற்கிறார். பாறையை ஒட்டிக் கட்டிய அறைகளின் சுவரிலும் விதானத்திலும் பழைய ஓவியங்கள் மிஞ்சியிருக்கின்றன. அவை எண்ணெய் ஓவியங்கள் அல்ல; சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டியவை. முதலில் பார்த்தபோது, என் வேலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் தோன்றியது. பிறகு சுண்ணாம்பைப் பற்றி யோசித்தேன். நீற்றிய சுண்ணாம்பு கெட்டிப்படுவது தண்ணீர் போவதால் மட்டும் அல்ல. அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது. அங்கே சுவர் ஒரு வாயுவைத் தின்று கல்லானது, இங்கே என் கேன்வாஸ் இன்னொரு வாயுவைத் தின்று தோலாகிறது. படவேட்டுக் கோயில்களின் சுதைப் பூச்சைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது இந்த நினைப்புத்தான் வருகிறது.

என் வானம் வெடித்த கதைக்கு வருகிறேன். அந்திக்குப் பிந்திய மலையைத் தீட்ட ஆசைப்பட்டு, அடியில் விளக்குக் கரியின் கறுப்பை, ஆளி எண்ணெயைத் தாராளமாக விட்டுக் குழைத்துக் கனமாகப் பூசினேன். இரண்டே நாள் பொறுத்தேன். தொட்டால் ஒட்டவில்லை, சரி, ஆயிற்று என்று அதன் மேல் வெள்ளையையும் நீலத்தையும் டர்பண்டைனில் கரைத்து மெல்லிசாக வானம் போட்டேன். இதைவிட மோசமான வரிசை ஒன்றை யோசித்தாலும் கிடைக்காது.

கரிக்கறுப்பு மிக மெதுவாக இறுகும் நிறங்களில் ஒன்று. எண்ணெயையும் நிறையக் குடிக்கும். இரண்டு நாளில் இறுகியது மேலே உள்ள ஆடை மட்டும்தான், பாலாடை போல. அடியில் அது இன்னும் எண்ணெயாகவே இருந்தது. அதன் மேல் போட்ட வானமோ எண்ணெய் குறைவானது. டர்பண்டைன் பறந்ததும் சட்டென்று இறுகிவிட்டது. பிறகு மாதக்கணக்கில் அடிக்கறுப்பு ஆக்சிஜனை இழுத்து உப்பியது, பின் மெல்லச் சுருங்கியது. அசையும் தரை மேல் அசையாத தளம் போட்டால் தளம்தான் பிளக்கும்.

எண்ணெய் ஓவியத்தில் காலம் காலமாகச் சொல்லப்படும் விதி இதற்காகத்தான். கீழே எண்ணெய் குறைவு, மேலே எண்ணெய் கூடுதல். சீக்கிரம் இறுகுவது அடியில் இருக்க வேண்டும். அம்பர் என்ற பழுப்பு மண் நிறத்தில் மாங்கனீஸ் இருக்கிறது. அது ஆக்சிஜனை இழுக்கும் வேலையைத் தூண்டிவிடும், அதனால் அம்பர் ஓரிரு நாளில் நன்றாக இறுகும். பழைய ஓவியர்கள் அடிச்சித்திரத்தைப் பழுப்பில் போட்டதை வெறும் ரசனை என்று எண்ணியிருந்தேன். அதில் வேதியியலும் இருந்திருக்கிறது. அவர்கள் அதைச் சூத்திரமாக அறியாமல் கையால் அறிந்திருந்தார்கள்.

ரவி வர்மா கற்றுக்கொண்ட விதத்தை நான் திரும்பத் திரும்ப நினைப்பது இந்த இடத்தில்தான். கிளிமானூரில் 1848-ல் பிறந்தவர். தஞ்சாவூர் பாணியில் தீட்டத் தெரிந்த தாய்மாமன் ராஜ ராஜ வர்மாதான் முதல் ஆசிரியர். அவர் 1862-ல் பையனைத் திருவனந்தபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனார். அங்கே எண்ணெய் வண்ணம் அறிந்தவர் அரசவை ஓவியர் ராமசாமி நாயக்கர். அவர் கற்றுத்தர மறுத்துவிட்டார். 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் பாடம் சொல்லவில்லை. தான் தீட்டும்போது நின்று பார்க்க மட்டும் விட்டார். ஐந்தே வருடத்தில், 1873-ல், கூந்தலில் மலர்ச்சரம் சூடும் நாயர் பெண்ணின் படத்துக்காகச் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் வாங்கினார் ரவி வர்மா. அதே படம் வியன்னாவிலும் பரிசு பெற்றது.

பார்த்தே கற்றார் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எண்ணெய் ஓவியத்தில் பார்த்துக் கற்கக்கூடியது பாதிதான். எந்த நிறம், எந்த பிரஷ், எந்தப் பக்கம் இழுப்பு என்பதைக் கண் பிடித்துக்கொள்ளும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை நாள், அந்த நாட்களில் படலத்துக்குள் என்ன நடக்கிறது என்பது பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அதைத் தன் கேன்வாஸைக் கெடுத்துக் கெடுத்துத்தான் அறிய முடியும். பதக்கம் வாங்கிய படத்துக்கு முன்னால் வெடித்தும் சுருங்கியும் போன படங்கள் எத்தனையோ இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். அந்த நினைப்பு என் சுவரில் தொங்கும் வானத்தைப் பார்க்கும் தைரியம் தருகிறது.

அவர் தீட்டிய ஜரிகையைக் கவனியுங்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கம் வேண்டுமென்றால் சுண்ணப்பொடி மேட்டின் மேல் நிஜமான தங்க ரேக்கு ஒட்டுவார்கள். ரவி வர்மாவின் புடவைக்கரையில் தங்கம் ஒரு துளியும் கிடையாது. மஞ்சள் காவி, பழுப்பு, கொஞ்சம் வெள்ளை. ஆரணிப் பட்டு ஒன்றை ஜன்னலோரம் மடித்து வைத்து இதைப் பயின்றேன். பட்டின் மினுக்கம் துணி முழுக்கப் பரவியிருப்பதில்லை. மடிப்பின் முதுகில் கத்திமுனை போல் ஒரு வெளிச்சக்கோடு, அதை ஒட்டியே சட்டென்று இருட்டு. ஜரிகையில் அந்தத் தாவல் இன்னும் கூர்மை. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியைச் சரியாகப் பிடித்தால் கண் தானே அதைத் தங்கம் என்று எடுத்துக்கொள்கிறது.

எண்ணெய் வண்ணத்தின் ஆழம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருநாள் வெள்ளை தீர்ந்துபோய், கோலப்பொடியை ஆளி எண்ணெயில் குழைத்தேன். வெள்ளை வரவில்லை, அரிசி கழுவிய நீர் போல் ஒரு மங்கல் வந்தது. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் போகும்போது எவ்வளவு வளைகிறது என்பதை ஒளிவிலகல் எண் சொல்லும். காற்றுக்கு 1, ஆளி எண்ணெய்க்குச் சுமார் 1.48, கோலக்கல்லுக்குச் சுமார் 1.6. தரையில் கோலம் போடும்போது பொடியைச் சுற்றிக் காற்று. வித்தியாசம் பெரிது, ஒளி சிதறி வெள்ளையாகிறது. எண்ணெயில் வித்தியாசம் சுருங்கிவிடுவதால் ஒளி சிதறாமல் ஊடுருவிப் போகிறது. திருமலைச் சுவரில் வெண்மை தரும் சுண்ணாம்பு என் கேன்வாஸில் காணாமல் போவது இதனால்தான். எண்ணெயில் வெள்ளையாக நிற்க எண் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். டைட்டானியம் வெள்ளைக்கு 2.5-க்கும் மேல்.

அந்த டைட்டானியம் எங்கிருந்து வருகிறது? கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட் என்ற தாது இருக்கிறது. டைட்டானியம் வெள்ளையின் மூலப்பொருள் அது. ரவி வர்மா காலத்தில் அந்தக் கரை திருவிதாங்கூர் சீமைக்குள் இருந்தது. அவர் 1906-ல் இறந்தார். டைட்டானியம் வெள்ளை ஓவியர்களின் கைக்கு வந்தது 1920-களில்தான். சொந்த நாட்டு மணலில் உலகின் மிகச் சிறந்த வெள்ளை கிடக்க, அவர் தலைமுறை ஓவியர்கள் நச்சுள்ள ஈய வெள்ளையைக் குழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அறையைப் பற்றி ஒரு சிறு திருத்தம். ஓவியர் அறைக்கு வடக்கு ஜன்னல் வேண்டும், வெயில் நேராக வராது, வெளிச்சம் நாள் முழுக்க மாறாது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும். அதை நம்பி வடக்கே ஜன்னல் வைத்தேன். வைகாசியில் காலையிலும் மாலையிலும் கேன்வாஸ் மேல் வெயில் பட்டை விழுந்தது. படவேடு பூமத்திய ரேகைக்கு வடக்கே 12.6 டிகிரி போலத்தான் இருக்கிறது. சித்திரை நடுவிலிருந்து ஆவணி பிறக்கும் வரை நண்பகல் சூரியனே நமக்கு வடக்கே நிற்கும். உதிப்பதும் மறைவதும் வடக்குச் சாய்ந்தே. அந்த மாதங்களில் பழைய வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டிவிடுகிறேன்.

வெடிப்பும் வெள்ளையும் சரியான பிறகும் என் மலை மலையாகவில்லை. மூன்று நான்கு வருடம் அதைப் பச்சையாகவே தீட்டிக்கொண்டிருந்தேன். மலையில் மரம் இருக்கிறது, மரம் பச்சை. அது தெரிந்த விஷயம், பார்த்த விஷயம் அல்ல. ஒருநாள் காகிதத்தில் சின்ன ஓட்டை போட்டு, ஒரு கண்ணை மூடி, அதன் வழியே மலையின் ஒரு துண்டை மட்டும் பார்த்தேன். ஓட்டைக்குள் இருந்தது சாம்பல் கலந்த நீலம். பச்சை இல்லவே இல்லை. அடுத்த வரிசை மலை இன்னும் நீலம், கடைசி வரிசைக்கும் வானத்துக்கும் வித்தியாசமே கொஞ்சம்தான்.

நமக்கும் மலைக்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கில் காற்று இருக்கிறது. சூரிய ஒளி அதில் படும்போது காற்று மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை 4 மடங்குக்கும் மேல் சிதறடிக்கின்றன. சிதறிய நீலத்தில் ஒரு பங்கு நம் கண்ணுக்கு வந்து மலையின் நிறத்தின் மேல் படிகிறது. தூரம் கூடக் கூட நீலம் கூடும். வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். மலைக்கும் நமக்கும் நடுவே கொஞ்சம் வானம் இருக்கிறது என்றே சொல்லலாம்.

இதே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இயங்குகிறது. நட்சத்திரத்தின் ஒளி காற்று மண்டலத்தைக் கடந்து வரும்போது நீலத்தைத்தான் அதிகம் இழக்கிறது. எவ்வளவு இழந்தது என்று கணக்கிட்டு, அதைத் திரும்பக் கூட்டிய பிறகே வானியலாளர்கள் நட்சத்திரத்தின் நிஜ நிறத்தைச் சொல்கிறார்கள். காற்று வழிப்பறித்த நீலத்தை அவர்கள் மீட்கிறார்கள். நான் மலையடிவாரத்தில் உட்கார்ந்து, காற்று சேர்த்த நீலத்தைக் குழைக்கிறேன். இந்த எண்ணம் வந்த அன்று என் பேலட்டிலிருந்து பச்சை டியூபை எடுத்து வைத்தேன். இரண்டு வருடம் அதைத் தொடவில்லை.

இப்போது ஈசலில் இருக்கும் படம் போன ஆடியில் தொடங்கியது. அம்பரில் மெல்லிய அடிச்சித்திரம், ஒரு வாரம் சும்மா. பிறகு மலை வரிசைகள், தூரத்திலிருந்து கிட்டத்துக்கு. நடுவே பத்து நாள், இருபது நாள் இடைவெளி. இடப்பக்கம் ஒரு தென்னையைப் போட்டிருந்தேன்; அது ராஜகம்பீர மலையின் சரிவை மறித்தது. கார்த்திகையில் அதன் மேல் மலையின் நீலத்தைப் பூசி மறைத்துவிட்டேன். ஆனால் முழுக்க மறைந்துவிடாது. எண்ணெய்ப் படலம் மூப்படையும்போது அதன் ஒளிவிலகல் எண் மெல்ல ஏறும். அது நிறப்பொடியின் எண்ணுக்கு நெருங்க நெருங்கப் படலம் தெளிந்து, உள்ளே இருப்பது வெளியே வரும். பழைய ஐரோப்பியப் படங்களில் ஓவியர் அழித்த கையும் குதிரைக்காலும் நூற்றாண்டுகள் கழித்து நிழல் போல் எழுந்திருக்கின்றன. என் தென்னைக்கும் அந்த நாள் வரலாம்.

போன வாரம் அத்தை மாடிக்கு வந்தார். "இப்பவாவது காஞ்சிடுச்சாப்பா?" என்றார். வார்னிஷ் போட இன்னும் சில மாதம் ஆகும் என்றேன். நம்பாமல், வெள்ளை தடிப்பாக இருந்த மேகத்தின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலில் ஒட்டவில்லை. மேகத்தில் மட்டும் மெல்லிய பள்ளமும், அதற்குள் அத்தையின் ரேகையும் பதிந்திருந்தன. அவர் பதறிப்போய் முந்தானையால் துடைக்கப் பார்த்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டு, அது அப்படியே இருக்கட்டும் அத்தை என்றேன்.